அக்காவின் மூன்று சக்கரக் கடை

காரைக்குடியில் டீக்கடை வாசலிலோ பேருந்து நிலையத்திலோ ஒருவன் எதையாவது உற்றுப் பார்த்தபடி வழியை மறித்து நிற்பதைக் கண்டிருந்தால், அது அநேகமாக நான்தான். டீ கொண்டுபோகிற கம்பிக் கூண்டை நான் பார்க்க ஆரம்பித்தால் டீ ஆறிவிடும். ஒவ்வொரு கிளாசுக்கும் இடுப்பில் ஒரு வளையம், அடியில் ஒரு குறுக்குக் கம்பி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரே கைப்பிடி. கொண்டுபோகிறவர் சாலையைக் குறுக்கே கடந்து ஓடுவார், லாரிக்கு ஒதுங்குவார், கூண்டு ஆடும், டீ மட்டும் தளும்பாது. அதை முதலில் வளைத்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது. தெரிந்தால் ஒரு மாலை போடலாம்.

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் இதே தொல்லைதான். நான்கு கிண்ணங்களை ஒரே பிடியில் சேர்த்த அந்தத் தூக்கை எடுத்துக்கொண்டு ஒருவர் கூட்டு, பொரியல், பச்சடி, ஊறுகாய் என்று பரிமாறி வரும்போது நான் இலையைப் பார்க்காமல் தூக்கையே பார்ப்பேன். "என்ன தம்பி, ஊறுகாய் வேணாமா?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விடுவார். அப்பா சந்தையில் மூட்டை தூக்குகிறவர். அவருடைய மூட்டைக் கொக்கியின் வளைவில் உள்ள சூட்சுமத்தை, கை வலிக்காமல் பாரம் தோளுக்குப் போவதை, ஒருமுறை அவருக்கே விளக்கினேன். முழுவதும் கேட்டார். பிறகு, "சரிய்யா, அதைக் குடு. லாரி நிக்குது" என்றார்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஒரு வண்டி சர்வீஸ் சென்டரில் சூப்பர்வைசராக இருக்கிறேன். படித்தவன் என்பதால் மிக்ஸி முதல் கோயில் ஜெனரேட்டர் வரை எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் படிப்பு முழுவதும் ஜாக்கெட்டும் பாவாடையுமாக என் அக்கா தைத்தது. அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்கு இரண்டு வயதாயிருந்தபோது வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. இதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. வேறு எல்லாவற்றையும் சொல்லிக்காட்டுவாள்.

அக்காவுக்குப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு குறுகலான கடை இருந்தது. எங்கள் ஊர்ப் பழைய பெரிய வீடுகளைச் சுற்றிப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வரத்து கூடியதும், கட்டடத்தின் சொந்தக்காரர் வரிசையாக இருந்த அறைகளை இடித்துச் சேர்த்துக் காபி கடை ஆக்க முடிவு செய்தார். மரியாதையாகத்தான் சொன்னார். வேறு இடம் தேடினோம். எல்லா வாடகையும் வெளிநாட்டுக்காரர் வாடகையாக இருந்தது.

அத்தான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மாதத்துக்கு இருமுறை பஸ் ஏறி வந்து, துணி துவைத்துக்கொண்டு, மகளின் கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். கடை போகிறது என்று தெரிந்ததும், இதுதான் சமயம், குடும்பத்தோடு அங்கே வந்துவிடுங்கள் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. மெஸ் சாப்பாடும் பஸ் சீட்டும் அவருக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது. கம்பெனியில் அக்காவுக்கும் வேலை கேட்டு வைத்திருந்தார்.

அக்கா என்னிடம்தான் சொன்னாள். "அங்குட்டுப் போனா காலர் தைக்கிற லைன்ல உக்கார வைப்பாக. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் காலர். சட்டைக்கு மிச்ச ஒடம்பு எங்குட்டு இருக்குன்னே தெரியாதுடா."

பிறகு ஒருநாள் அவளே வழியையும் சொன்னாள். கடைக்கு இடமில்லை என்றால் கடைக்குச் சக்கரம் போட்டுவிடுவது. பழைய லோடு ஆட்டோ ஒன்றை வாங்கி, உள்ளே மிஷினை வைத்து, கொத்தமங்கலம், வலையபட்டி என்று ஊர் ஊராகப் போய்த் தைப்பது. வண்டியை அவளே ஓட்டக் கற்றுக்கொள்வாள்.  அத்தான் போனில் ஒரு கெடு வைத்தார். பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் பார்ப்போம். ஓடினால் இங்கே. ஓடாவிட்டால் வண்டியை விற்றுவிட்டு, பிள்ளையைத் திருப்பூரில் சேர்த்துவிடுவது. அக்கா சரியென்றாள்.

இப்படித்தான் என் வாழ்க்கையின் மிகச் சிறந்த இரண்டு மாதங்கள் எனக்குக் கிடைத்தன.

மூன்று சக்கர லோடு வண்டியை யாரும் அழகு என்று சொல்வதில்லை. எனக்கு அதைப் பார்த்தால் மரியாதை வரும். முன்னால் ஒற்றைச் சக்கரம் என்பதால் சந்துக்குள் போய் நின்ற இடத்திலேயே திரும்பிவிடும். பின்தட்டு ஒருவர் உட்கார்ந்து எழத் தோதான உயரத்தில் இருக்கும். மூன்று பக்கப் பலகையும் கீழே மடங்கும். பணியாரக் கடையாகவோ பழைய பேப்பர் கடையாகவோ எதுவாகச் சொன்னாலும் ஆகிவிடுகிற வண்டி. எங்களுக்குக் கிடைத்த வண்டி அதுவரை மீன் கடையாக இருந்தது. புளி போட்டுக் கழுவினோம், எலுமிச்சை போட்டுக் கழுவினோம், அம்மா சாம்பிராணி போட்டாள். கடை திறந்த முதல் வாரம் பெண்களைவிடப் பூனைகள்தான் அதிகம் வந்தன.

மிஷினில் கைவைக்க அக்கா விடவில்லை. மோட்டார் போடுகிறேன் என்றேன். "கரண்டு என் கால்ல இருக்கு, நீ மத்ததைப் பாரு" என்றாள். மத்ததைப் பார்த்தேன். பின்பலகையை மேசையாக்கினேன், பக்கப் பலகையைத் துணி தேய்க்கிற பலகையாக்கினேன். பஸ் ஜன்னலைத் தூக்கி நிறுத்துகிற கொக்கியை நினைத்துக்கொண்டு அதற்கு ஒரு கால் செய்தேன். ஊக்கு, பொத்தான், கொக்கி, நாடா எல்லாவற்றையும் வைக்க அம்மாவின் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டேன். அடுக்கடுக்காக இத்தனை பாத்திரம், எல்லாவற்றையும் பிடிக்க மேலே ஒரே ஒரு தாழ். கவிழ்த்தாலும் ஒரு பொத்தான் சிந்தாது. "உங்கப்பாவுக்குச் சோத்தை எதுலடா அனுப்ப?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்பா சில நாள் பிளாஸ்டிக் டப்பாவில் சாப்பிட்டார்.

நூல் கண்டுகளைச் சைக்கிள் சக்கரக் கம்பிகளில் வரிசையாகக் கோத்தேன். பார்க்க வானவில் மாதிரி இருந்தது. முதல் ஓட்டத்தில் ஒரு பள்ளத்தில் குலுங்கியதில் எல்லாக் கண்டுகளும் தாமாகச் சுழன்று அவிழ்ந்துவிட்டன. பின்பலகையைத் திறந்தால் பல நிறத்தில் நூல் விடுகிற ஒரு பெரிய சிலந்தி உள்ளே குடித்தனம் நடத்தியதுபோல இருந்தது. அக்கா கத்தரிக்கோலை எடுத்தாள். மறுநாள் பழைய ட்யூபைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு கண்டுக்கும் ஒரு தடை போட்டேன்.

ஆனால் என் பெருமையெல்லாம் அறைதான். சாலையோர வியாபாரிகள் வைத்திருக்கிற பெரிய குடையை எடுத்து, அதன் விளிம்பில் வளையம் வைத்துச் சுற்றிலும் தரைவரை திரை கட்டினேன். குடைக் கம்பு வண்டியின் பின்மூலையில் ஒரு குழாய்க்குள் இறங்கும். ஒரே தள்ளு, குடை விரியும், திரை இறங்கும், நடுத்தெருவில் ஓர் அறை முளைத்துவிடும். உள்ளே வண்டிப் பக்கமாகக் கண்ணாடி, சேலையைப் போட ஒரு கொடி. ஒரே இழுப்பு, அறை மடங்கிக் கம்பாகிவிடும். எங்கள் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. நான் மறுபடி மறுபடி விரித்துக் காட்டினேன்.

அக்கா கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு. இதுக்குள்ள யாருடா வருவா?"

"அளவு குடுக்க வருவாகள்ல, அவுகளுக்கு."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

ஒலிபெருக்கிக்கு நானே பேசிப் பதிவு செய்தேன். படித்தவன் பேசினால் மதிப்பாக இருக்கும் என்று எழுதி வைத்துப் படித்தேன். பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு, மகளிரின் நலன் கருதி, தங்கள் இல்லம் தேடி வந்துள்ளது என்று ஆரம்பித்து நன்றி வணக்கத்தில் முடியும். வலையபட்டியில் வண்டியை நிறுத்தி அதைப் போட்டுவிட்ட கொஞ்ச நேரத்தில் நல்ல கூட்டம் வந்துவிட்டது. எல்லார் கையிலும் ரேஷன் கார்டும் ஆதார் நகலும் இருந்தன. ஒரு பெரியவர் தனக்கு இந்த மாதம் உதவித்தொகை ஏன் வரவில்லை என்று என்னிடம் கேட்டார். ஒரு பெண்மணி போட்டோ வேறு எடுத்து வந்திருந்தார். இது தையல் கடை என்று சொன்னதும் அவருக்குக் கோபம். "மகளிருன்னுதானே கத்துனீக? பேரெழுத மாட்டீகன்னா எதுக்கு மகளிருங்கிறீக?" அக்கா அவரைச் சமாதானம் செய்து, ஒரு பையின் அறுந்த காதைச் சும்மா தைத்துக் கொடுத்து அனுப்பினாள். அன்றைக்கு நடந்த ஒரே வேலை அது.

அன்று மாலையே என் குரலை அழித்துவிட்டு அவள் பேசினாள். "ஜாக்கெட்டு தைக்கணுமா, கிழிசல் தைக்கணுமா, ஜிப்பு மாத்தணுமா, வாங்க வாங்க. அளவு ஜாக்கெட்டை மறக்காம எடுத்துட்டு வாங்க."

அளவு ஜாக்கெட். அப்போதுதான் அவள் ஏன் வாயைப் பொத்திக்கொண்டு போனாள் என்று புரிந்தது. நம் பக்கம் எந்தப் பெண்ணும் நின்று அளவு கொடுப்பதில்லை. நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைத் துணியோடு சுருட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நாடா வேண்டாம், எண் வேண்டாம், யாரும் தொட வேண்டாம். அந்த அம்மாளே மடிந்து கைக்குள் வந்ததுபோல அளவு வந்துவிடும். எவ்வளவு பெரிய ஏற்பாடு அது! நான் அதைப் பிறந்ததிலிருந்து வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எதற்கென்று கேட்டதில்லை. ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அக்காவிடம் கேட்டேன். "அம்புட்டு ஆசையாச் செஞ்ச. என்னத்தச் சொல்ல" என்றாள்.

என் அறைக்கு யாரும் வரவில்லை. அக்கா மகள் அதற்குள் வீடு கட்டி விளையாடினாள். கொத்தமங்கலத்தில் ஒரு வெள்ளாடு உள்ளே போய்க் கண்ணாடியில் தன்னைக் கண்டு கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு வெளியே வந்தது. அதன் பிறகு நான் குடையை விரிப்பதையே விட்டுவிட்டேன்.

வேலை வந்தது, ஆனால் சொட்டுச் சொட்டாக வந்தது. ஜிப், கொக்கி, பள்ளிச் சட்டைக் காலர். புதுத் துணி கொடுக்கத் தயங்கினார்கள். சக்கரம் வைத்த கடை நாளைக்கு எங்கே இருக்குமோ என்று அவர்களுக்குப் பயம். துணியை வாங்கிக்கொண்டு வண்டி ஓடிவிட்டால் யாரைப் பிடிப்பது? நியாயமான கேள்விதான். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் கொஞ்ச நாளே இருந்தபோது அத்தான் வந்தார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். வேலைப்பாடு நன்றாக இருக்கிறது மாப்ள என்று மட்டும் என்னிடம் சொன்னார். அக்காவிடம் வாதாடவில்லை. காய்கறி வியாபாரி ஒருவரிடம் வண்டியைப் பற்றிப் பேசிவிட்டதாகவும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வந்து பார்ப்பார் என்றும் சொன்னார்.

அக்கா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "ஞாயித்துக்கிழமை நான் கொத்தமங்கலம் போறேன். பாக்குறவுகளை அங்குட்டு வரச் சொல்லுங்க" என்றாள்.

அங்கே ஒரு பெரிய வீட்டில் கல்யாணம். அந்த வீட்டில் பெருக்கித் துடைக்கிற அம்மாள் அக்காவுக்குப் பழக்கம். வெளியூரிலிருந்து ஜனம் வரும், ஏதாவது கொக்கி தைக்கிற வேலையாவது கிடைக்கும், பின்தெருவில் வந்து நில்லு என்று சொல்லியிருந்தாள். எனக்கு விடுமுறை. அத்தானும் கூட வந்தார். வண்டியை அக்காவே ஓட்டினாள்.

அந்த வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிறது. முன்தெருவில் நாகஸ்வரம், கார்கள், பன்னீர். பின்தெருவில் அடுப்புப் புகை, அண்டா, நாங்கள். கொஞ்ச நேரத்தில் அடுப்படிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் ஆச்சி வெளியே வந்தார். பெரிய வீட்டுப் பெண்களை எங்கள் பக்கம் ஆச்சி என்போம்; இவருக்கு அம்மா வயதிருக்கும். சென்னையில் இருப்பவர், மணப்பெண்ணுக்குப் பெரியம்மா என்று பிறகு தெரிந்தது. அரக்குப் பட்டு கட்டி, தோளைச் சுற்றி ஒரு துண்டு போர்த்தி, துண்டை உள்ளே இருந்து ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"ஏத்தா, இதுல மிஷினு இருக்கா?"

"இருக்கு ஆச்சி. என்ன செய்யணும்?"

ஆச்சி என்னையும் அத்தானையும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கொக்கி எட்டலை. போன தையிலதான் தச்சது. பட்டு சுருங்கிப் போச்சு."

"சுருங்கும் ஆச்சி" என்றாள் அக்கா, முகத்தில் ஒரு சுழிப்பும் இல்லாமல். "பலகாரம் இருக்கிற வீட்டுல வச்சா இன்னும் சுருங்கும்."

ஆச்சி சிரித்துவிட்டார். சிரித்ததும் துண்டை மேலும் இறுக்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. உள்ளே போய் மாற்றிக்கொண்டு ஜாக்கெட்டைக் கொடுத்தனுப்புங்கள் என்றாள் அக்கா. தைத்த பிறகு போட்டுப் பார்த்து, எங்கே பிடிக்கிறது என்று மறுபடி சொல்ல வேண்டும்.

"எங்கன போய் மாத்துறது? எங்க ரூமு சாவி கொழுந்தன்கிட்ட, அவுக சிங்கப்பூருல. அதுக்கு அடுத்த ரூமு சாவி கோயமுத்தூருல. தொறந்து கெடக்குற ரெண்டு ரூமுலயும் பொண்ணுக்குக் குடுக்குற சாமானைப் பரப்பி வச்சிருக்காக. அண்டாவுக்குள்ள எறங்கியா மாத்துறது?"

எனக்கு அப்போதுதான் அந்த வீட்டின் கணக்கு விளங்கியது. ஒவ்வொரு பங்காளிக்கும் ஓர் அறை, அவரவர் அறைக்கு அவரவர் பூட்டு. கல்யாணம் பொது, வாசல் பொது, கூடம் பொது. எந்தக் கண்டத்தில் இருந்தாலும் சாவி மட்டும் சொந்தம். அத்தனை கதவுள்ள அரண்மனையில் ஒரு ஆச்சி ஜாக்கெட் மாற்ற இடமில்லாமல் தெருவுக்கு வந்திருக்கிறார்.

நான் போய்க் கம்பைத் தள்ளினேன். குடை விரிந்தது, திரை இறங்கியது. ஆச்சி அறையை ஏற இறங்கப் பார்த்தார். "பரவாயில்லையே, பூட்டு இல்லாத ரூமு" என்று உள்ளே போனார்.

திரை இடுக்கில் வளையல் கை ஒன்று ஜாக்கெட்டை நீட்டியது. அக்கா அதை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

அக்கா தைக்கிற ஜாக்கெட்டுகளில் இரண்டு பக்கமும் உள்ளே துணி மடங்கியிருக்கும். ஒன்றையொட்டி ஒன்றாக வரிசைத் தையல் ஓடும். உட்பக்கத் தையல் இன்றைய உடம்புக்கு. அதைப் பிரித்தால் அடுத்தது ஒரு பிள்ளை பெற்ற உடம்புக்கு. அதையும் பிரித்தால் பேரன் எடுக்கிற வயதுக்கு. நாளைக்கு வரப்போகிற உடம்பை இன்றைக்கே உள்ளே மடித்து வைத்துத் தருகிற வேறு எந்தப் பொருளும் எனக்குத் தெரியாது. என் செருப்பு அப்படி இல்லை. ஆச்சியின் ஜாக்கெட்டும் அப்படி இல்லை. உள்ளே தையலை ஒட்டித் துணியை நறுக்கி, ஓரம் அடித்து முடித்திருந்தார்கள். பிரிப்பதற்கு ஒன்றுமே இல்லை.

அத்தான் எட்டிப் பார்த்தார். "மிச்சத் துணி ஒரு நூலு விடலை. எங்க கம்பெனி வெட்டு மாதிரி" என்றார் மெதுவாக.

உள்ளே நாகஸ்வரம் வேகம் பிடித்தது. தாலி கட்டுவதை அவர்கள் திருப்பூட்டு என்பார்கள். அதற்கு நேரம் நெருங்கிவிட்டதென்று அடுப்படியில் யாரோ கத்தினார்கள். மணப்பெண்ணின் பெரியம்மா துண்டைப் போர்த்திக்கொண்டு அங்கே நிற்க முடியாது. அக்கா மட்டும் இதைக் கெடுத்தால் சேதி பந்தி முடிவதற்குள் ஊர் முழுக்கப் போய்விடும். பிறகு காய்கறிக்காரருக்கு வண்டியைக் கொடுப்பதைத் தவிர வழியில்லை.

அக்கா திரைக்கு அருகில் போனாள். "ஆச்சி, ஒங்க சேலையோட உள்தலைப்புல ஒரு சாண் வெட்டிக்கிறேன்."

 "காஞ்சிபுரம் பட்டுத்தா" என்றது திரைக்குள்ளிருந்து குரல்.

"இடுப்புல சொருகுற எடம் ஆச்சி. அதை இதுவரைக்கும் ஒருத்தரும் பாத்ததில்லை. நீங்களே பாத்திருக்க மாட்டீக."

கொஞ்ச நேரம் கழித்துச் சேலையின் நுனி மட்டும் திரைக்கு அடியில் மெதுவாக வெளியே வந்தது. "வெட்டு. ஆனா எனக்குச் சத்தம் கேக்காம வெட்டு."

அக்கா கத்தரிக்கோலை எடுத்தாள்.  பட்டைப் பார்த்தாள், பிறகு கத்தரிக்கோலின் பிடியை அத்தான் பக்கமாகத் திருப்பினாள். "நீங்க வெட்டுங்க. ஒங்களுக்குத்தான் கை நிக்கும்."

அத்தான் பல வருடங்களாக மிஷின் கத்தியால் அடுக்கு அடுக்காகத் துணி வெட்டுகிறவர். ஒரே வெட்டில் ஒரு ஊருக்கே பனியன் விழும். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பட்டை மேசையில் நீவி, இழை ஓட்டத்தைப் பார்த்து, சத்தமே வராமல் வெட்டினார். இரண்டு பக்கவாட்டுப் பட்டைகள். அதோடு, அக்குளுக்குக் கீழே வைக்க இரண்டு சிறிய சாய்சதுரத் துண்டுகள். அந்தச் சாய்சதுரம் எதற்கென்று நான் கேட்க வாயெடுத்தேன். "அப்புறம்" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

அக்கா மிதிக்க, வண்டி முழுவதும் தொட்டில் போல ஆடியது. அத்தான் ஒரு பக்கம் பிரித்துக் கொடுத்தார், மறுபக்கம் தேய்த்துக் கொடுத்தார். ஜாக்கெட் திரைக்குள் போனது. மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். உள்ளே ஒரு மூச்சு இழுப்பு. பிறகு திரை விலகியது.

ஆச்சி வெளியே வந்து, பரண்மேல் இருந்து எதையோ எடுப்பதுபோல இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். இறக்கினார். மறுபடி தூக்கினார். ஓரிடத்திலும் இழுக்கவில்லை. அந்தச் சின்னச் சாய்சதுரம் எதற்கென்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கை உயரும்போது அது விரிகிறது, இறங்கும்போது மடங்கி ஒளிந்துகொள்கிறது. என் குடையைவிட நன்றாக.

"கை தூக்க முடியுதேத்தா" என்றார் ஆச்சி, நம்பாதவர் போல.

"பின்ன? பூப் போட்டு வாழ்த்தணும்ல ஆச்சி. ஓடுங்க."

அவர் ஓடிய கொஞ்ச நேரத்தில் மேளம் முழங்கி ஓய்ந்தது. அதற்குப் பிறகு அந்த அடுப்படிக் கதவு மூடவே இல்லை. சென்னையிலும் கோலாலம்பூரிலும் பெங்களூரிலும் ஒரே பருவத்தில் பட்டெல்லாம் சுருங்கியிருந்தது என்பதை அன்றுதான் அறிந்தேன். துண்டு போர்த்திய பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் ஜாக்கெட்டில் உள்ளே துணி இருந்தது, ஒரு தையலைப் பிரித்ததும் பெருமூச்சு விட்டார்கள். சிலருக்குச் சேலை உள்தலைப்பு போனது. கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து, தைக்க ஒன்றுமில்லை, பால் கொடுக்க இடமில்லை, உள்ளே போகலாமா என்று கேட்டாள். பூனைகூட வராத என் அறை வாசலில் நான் வரிசை ஒழுங்கு செய்துகொண்டிருந்தேன். அடுத்த வாரம் எங்கள் வீட்டில் பங்காளிகள் கூடி முன்னோருக்குச் செய்கிற படைப்புக்கு வந்து நிற்பாயா என்று ஒருவர் அக்காவைக் கேட்டார். காளையார்கோவிலில் மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற இன்னொருவர் போன் நம்பர் வாங்கிக்கொண்டார். இத்தனை நாள் நாங்கள் பெண்கள் இருக்கிற வீடுகளுக்குப் போயிருக்கிறோம். போக வேண்டியது அவர்கள் வீட்டைவிட்டுக் கூடுகிற இடத்துக்கு என்று யாரும் சொல்லாமலே அக்காவுக்குப் பட்டுவிட்டது என்பது அவள் பதில் சொன்ன தோரணையில் தெரிந்தது.

காய்கறிக்காரர் சொன்னபடி மத்தியானம் பைக்கில் வந்தார். டயரை உதைத்துப் பார்த்தார். தட்டைக் குனிந்து பார்த்தார். "இந்த மேசை, கொடையெல்லாம் கழட்டிட்டுத் தந்துருவீகள்ல? எனக்குத் தக்காளிப் பொட்டி ஏத்தணும்."

அக்கா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருந்தாள். அவளால் பேச முடியாது. குண்டூசியை எடுத்துவிட்டுப் பேசியிருக்கலாம். எடுக்கவில்லை. அத்தானையும் பார்க்கவில்லை, கையிலிருந்த தையலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருங்கண்ணே, கையில வேலை கெடக்கு" என்றார் அத்தான்.

காய்கறிக்காரர் வேப்பமரத்தடியில் காத்திருந்தார். கல்யாண வீட்டில் யாரையும் சும்மா நிற்க விடமாட்டார்கள். யாரோ அவரை உள்ளே கூட்டிப்போய் இலையில் உட்கார வைத்துவிட்டார்கள். திரும்பி வரும்போது வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அப்போதும் அத்தான் தேய்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆளுக்கு ஆள் வேறு அளவு, துணிக்குத் துணி வேறு சூடு. அவர் தனக்குள் ஏதோ முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. ஒரே ஓர் ஆளுக்கென்று வெட்டி எத்தனை வருடமாகிவிட்டது என்பதுபோல ஏதோ.

"விக்கிறீகளா இல்லையாண்ணே?" என்றார் காய்கறிக்காரர்.

அத்தான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "மாப்ள, இந்தத் தேய்க்கிற பலகை ஒங்க அக்கா ஒசரத்துக்கு வச்சிருக்க. குனிஞ்சு குனிஞ்சு எனக்கு முதுகு போச்சு. ரெண்டு பேரு ஒசரத்துக்கும் ஏத்தி எறக்குற மாதிரி செய்ய முடியாதா?"

அக்கா குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துத் தன் சேலை ஓரத்தில் குத்தினாள். "மொதல்ல அந்த அண்ணனுக்குப் பதிலைச் சொல்லுங்க. பாவம், வெயில்ல நிக்கிறாக."

"அதான் சொல்லிட்டேன்ல" என்றார் அத்தான்.

நான் அதற்குள் அக்காவின் அளவு நாடாவை எடுத்து, தரையிலிருந்து அத்தானின் இடுப்பு வரை அளந்துகொண்டிருந்தேன்.